டைக்ஸ்ட்ரா எழுதிய டிரைவர்

டைக்ஸ்ட்ரா என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஒரு கிராஃப், ஆறு நோடு, ஒவ்வொரு எட்ஜுக்கும் ஒரு நம்பர், குறுகிய பாதையைக் கண்டுபிடி, 13 மார்க். அடுத்த செமஸ்டர்ல ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பரைத் திறந்தா அங்கேயும் அவர்தான். செமாஃபோர், பேங்கர்ஸ் அல்காரிதம், வட்ட மேஜையைச் சுற்றிப் பசியோட உட்கார்ந்திருக்கும் ஐந்து தத்துவவாதிகள் எல்லாமே இவர் பெயரோட வரும். இப்படிக் கேள்வித்தாள்ல பார்த்துப் பார்த்தே அவர் ஒரு மனுஷன் என்பது நமக்கு மறந்துபோச்சு.

இந்தக் கட்டுரையில் அவரோட வாழ்க்கையை டிவைஸ் டிரைவர் பக்கத்திலிருந்து சொல்லப்போறேன். காரணம் இருக்கு. டி.எம்.ஏ.வுக்குக் கொடுக்கும் பஃபரை ஒரு டிரைவர் ஏன் அவ்வளவு சந்தேகத்தோட சரிபார்க்கணும் என்ற கேள்விக்கு, இவர் வாழ்க்கையிலேயே தெளிவான பதில் இருக்கு.

முதல்ல பிரச்சினை என்னன்னு பார்த்துடுவோம்

நீங்க பென் டிரைவைச் சொருகி ஒரு படத்தை லேப்டாப்புக்கு மாத்தறீங்க. ஒவ்வொரு பைட்டையும் பிராசஸரே எடுத்து மெமரியில வச்சா, அது முடியும்வரை பிராசஸருக்கு வேற வேலையே ஓடாது. அதனால டிரைவர் என்ன பண்ணுது? சாதனத்துக்கிட்ட ஒரு அட்ரஸையும் ஒரு நீளத்தையும் கொடுத்துட்டு ஒதுங்கிக்குது. சாதனம் தானே நேரா மெமரியில எழுதுது. முடிஞ்சதும் ஒரு இண்டரப்ட் கொடுத்துச் சொல்லுது. டி.எம்.ஏ. என்பது இவ்வளவுதான்.

வாட்டர் கேன் போடுற அண்ணன்கிட்ட ரூம் சாவியைக் கொடுத்துட்டு நீங்க காலேஜுக்கு வந்துடற மாதிரி இது. நீங்க சொன்ன கதவு நம்பர்ல அவர் கேனை வச்சுட்டுப் போயிடுவார். நம்பரைத் தப்பா சொல்லியிருந்தா அடுத்த ரூம்ல வைப்பார். போன மாசமே ரூமைக் காலி பண்ணிட்டு, பழைய நம்பரைச் சொல்லியிருந்தா, இப்போ அங்க குடியிருக்கிறவங்க கட்டில் மேல வைப்பார். அவர் யாரையும் கேட்கமாட்டார். கேட்கிறது அவர் வேலை இல்லை.

சாதாரண புரோகிராம் தப்பான அட்ரஸைத் தொட்டா பிராசஸரில் இருக்கும் மெமரி மேனேஜ்மென்ட் யூனிட் அதைப் பிடிச்சு நிறுத்திடும். செக்மென்டேஷன் ஃபால்ட் வரும், நீங்க திட்டுவீங்க, சரி பண்ணுவீங்க. சாதனம் எழுதறது அந்த வழியா போறதில்லை. சாதனத்துக்குன்னு தனியா ஐ.ஓ.எம்.எம்.யு. இருந்து, அது முடுக்கிவிடப்பட்டும் இருந்தா கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. இல்லாட்டி கொடுத்த அட்ரஸ்ல எது இருந்தாலும் அதன் மேல எழுதிட்டுப் போயிடும். அந்த நிமிஷம் ஒண்ணும் ஆகாது. பத்து நிமிஷம் கழிச்சு, சம்பந்தமே இல்லாத ஒரு இடத்துல கர்னல் விழும். திரும்ப ஓட்டினா விழாது. அடுத்த நாள் வேற இடத்துல விழும்.

ஒரே புரோகிராம், ஒரே இன்புட், ஆனா ஒவ்வொரு தடவையும் வேற விளைவு. இந்த மாதிரித் தவறைப் பார்த்துத்தான் 27 வயசுல டைக்ஸ்ட்ரா பயந்தார்.

ராட்டர்டாமிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1930 மே 11 அன்று நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் பிறந்தார். அப்பா வேதியியல் ஆசிரியர். அம்மா கணிதத்தில் தேர்ந்தவர், ஆனால் அதை வைத்து எங்கும் வேலைக்குப் போனதில்லை. நான்கு பிள்ளைகளில் இவர் மூன்றாவது. இவருக்குப் பத்து வயது நிறைந்த மூன்றாம் நாள் ஜெர்மானிய விமானங்கள் ராட்டர்டாம் நகரின் நடுப்பகுதியைக் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கின. அடுத்த ஐந்து ஆண்டுகள் நாடு ஆக்கிரமிப்பில் இருந்தது.

பள்ளி முடிக்கும்போது அவருக்குச் சட்டம் படிக்க ஆசை. ஐக்கிய நாடுகள் சபையில் தன் நாட்டுக்காகப் பேச வேண்டும் என்ற கனவு. ஆனால் கணிதத்திலும் அறிவியலிலும் வந்த மதிப்பெண்களைப் பார்த்தவர்கள் விடவில்லை. லைடன் பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் சேர்ந்தார். மார்க்கைப் பார்த்து மத்தவங்க நமக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது நம்ம ஊர் வழக்கம் மட்டும் இல்லைன்னு இதுல தெரியுது.

1951-ல் கேம்பிரிட்ஜில் மூன்று வார புரோகிராமிங் வகுப்பு ஒன்று நடந்தது. எட்சாக் கணினியைக் கட்டிய மாரிஸ் வில்க்ஸ் நடத்தியது. டைக்ஸ்ட்ரா போய்ப் படித்துவிட்டு வந்தார். 1952 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமின் மேத்தமேட்டிகல் சென்டரில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தார். நெதர்லாந்தின் முதல் புரோகிராமர் என்று அவரைச் சொல்வார்கள். 1957-ல் திருமணப் பதிவின்போது தொழில் என்ற இடத்தில் புரோகிராமர் என்று எழுதிக் கொடுத்தார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று நகராட்சி ஏற்கவில்லை. கடைசியில் கோட்பாட்டு இயற்பியலாளர் என்றுதான் பதிவானது.

அந்த வேலை எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. பிராம் லோப்ஸ்ட்ரா, காரல் ஸ்கோல்டன் என்ற இருவர் வன்பொருளைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். கணினி என்ன செய்யும் என்ற விவரக்குறிப்பை டைக்ஸ்ட்ரா எழுதுவார். அந்தக் காகிதம் இரு தரப்புக்கும் நடுவே ஒப்பந்தம் மாதிரி. அவர்கள் கட்டி முடிப்பதற்குள் இவர் புரோகிராம்களை எழுதி வைக்க வேண்டும். ஓட்டிப் பார்க்க இயந்திரமே இல்லை. எழுதியது சரியா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, யோசிப்பது. நமக்கு ரன் பட்டன் எப்படியோ, அவருக்குக் காகிதமும் பேனாவும் அப்படி.

1956-ல் ஆர்மாக் என்ற கணினியின் திறப்பு விழாவுக்கு, கணிதம் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி ஒரு கணக்கு தேவைப்பட்டது. நெதர்லாந்தின் 64 ஊர்களை எடுத்துக்கொண்டு, இரண்டு ஊர்களுக்கு இடையே குறுகிய வழி என்ன என்று கேட்கலாம் என முடிவு செய்தார். 64 என்றால் ஒரு ஊரைக் குறிக்க ஆறு பிட் போதும். ஒரு நாள் வருங்கால மனைவி ரியாவோடு கடைவீதியில் சுற்றிவிட்டுக் காபி குடிக்க உட்கார்ந்தபோது, காகிதம் பேனா இல்லாமல் சுமார் இருபது நிமிடத்தில் தீர்வு வந்தது. நம்ம 13 மார்க் அதுதான். மூன்று ஆண்டு கழித்து 1959-ல்தான் அதை வெளியிட்டார். அவர் மனசு அப்போ வேற ஒரு பிரச்சினையில மாட்டிக்கிட்டிருந்தது.

இண்டரப்ட் வந்த வருடம்

அடுத்த கணினியின் பெயர் எக்ஸ்1. எலக்ட்ரோலாஜிகா என்ற நிறுவனம் விற்பதற்காகக் கட்டியது. 1957 கடைசியில் லோப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும் ஒரு யோசனை சொன்னார்கள். அதுவரை, தட்டச்சுக் கருவி ஒரு எழுத்தை அடித்து முடிக்கும்வரை கணினி சும்மா காத்திருக்கும். இனி அப்படி வேண்டாம். கணினி தன் வேலையைப் பார்க்கட்டும், சாதனம் தயாரானதும் அதுவே குறுக்கே வந்து கூப்பிடட்டும். அதாவது இண்டரப்ட்.

கேட்க நல்லாத்தான் இருக்கு, இல்லையா? டைக்ஸ்ட்ராவுக்கு அது பயமாக இருந்தது. எந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் சாதனம் குறுக்கே வரும் என்பது புரோகிராமர் கையில் இல்லை. காகித நாடாவைப் படிக்கும் கருவி இன்று கொஞ்சம் வேகமாக ஓடினால் குறுக்கீடு ஓரிடத்தில், நாளைக்கு மெதுவாக ஓடினால் வேறிடத்தில். தவறு ஒன்று நடந்தால் அதைத் திரும்ப நடத்திக் காட்ட முடியாது. திரும்ப நடத்த முடியாததை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் திருத்துவது? அதுவரை அவர் அறிந்த எல்லாக் கணினிகளும் ஒரே இன்புட்டுக்கு ஒரே மாதிரி நடந்துகொண்டவை. அந்த நம்பிக்கையின் மேல்தான் அவர் தொழில் நின்றது.

முடிவைச் சில மாதம் தள்ளிப் போட்டார். வன்பொருள் நண்பர்கள் விடவில்லை. கடைசியில் 1958 தொடக்கத்தில் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதும் இண்டரப்டைக் கையாளும் புரோகிராமை எழுதும் வேலை அவர் தலையில் விழுந்தது. இன்றைய பேச்சில் சொன்னால், அவர் எழுதியது ஒரு டிவைஸ் டிரைவரின் அடிப்பகுதி.

இங்கே இன்னொரு சிக்கல். அந்தப் புரோகிராம் படிக்க மட்டுமே முடிகிற நிரந்தர மெமரியில் போகப்போகிறது. விற்ற ஒவ்வொரு கணினியிலும் அது இருக்கும். அப்டேட் அனுப்புவது என்ற பேச்சே கிடையாது. ஓட்டிப் பார்த்துத் தப்பு வந்தால் திருத்தலாம் என்ற வழியும் அடைபட்டது, ஏனென்றால் இந்த வகைத் தப்பு ஓட்டிப் பார்க்கும்போது வராமலே போகலாம்.

அதனால் அவர் வேறு வழியில் போனார். குறுக்கீடு எந்த இடத்தில் வந்தாலும் பரவாயில்லை என்று நிரூபித்துவிட்டால்? எந்தெந்த ரெஜிஸ்டரைச் சேமிக்க வேண்டும், எந்த வரிசையில் திருப்பி வைக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் அடுத்த குறுக்கீட்டை அனுமதிக்கலாம், எல்லாவற்றையும் காகிதத்தில் தீர்த்தார். ஓடிக்கொண்டிருந்த புரோகிராமுக்குத் தான் நிறுத்தப்பட்டதே தெரியக் கூடாது. இந்த வேலைதான் 1959-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு ஆனது. தலைப்பே தானியங்கிக் கணினியோடு தொடர்பு கொள்வது பற்றியதுதான். குறுகிய பாதை பற்றி ஆய்வேடு எழுதியிருப்பார்னு நினைச்சிருந்தீங்கன்னா, இல்லை. இன்புட் அவுட்புட் பற்றி எழுதித்தான் டாக்டர் ஆனார்.

படகோட்டியும் கைகாட்டியும்

1960-ல் யாப் சோன்னஃபெல்டுடன் சேர்ந்து எக்ஸ்1-க்கு அல்கால் 60 கம்பைலர் எழுதினார். முடியும்வரை இருவரும் சவரம் செய்வதில்லை என்று பந்தயம். முடிந்ததும் சோன்னஃபெல்டு தாடியை எடுத்துவிட்டார். டைக்ஸ்ட்ராவுக்குத் தாடி கடைசிவரை நிலைத்துவிட்டது. 1962-ல் ஐந்தோவன் தொழில்நுட்பக் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார்.

அங்கே வந்த கணினி எக்ஸ்8. மெமரி 32 ஆயிரம் வேர்டு, ஒரு வேர்டு 27 பிட். பக்கத்தில் 5 லட்சத்துக்கு மேல் வேர்டு கொள்ளும் சுழலும் டிரம். மூன்று காகித நாடா படிப்பான்கள், மூன்று துளையிடும் கருவிகள், இரண்டு டெலிபிரின்டர், ஒரு பிளாட்டர், ஒரு பிரின்டர். இவற்றை மேய்க்க பிராசஸருக்கு வெளியே சேரன் என்ற தனி அலகு இருந்தது. கிரேக்கக் கதைகளில் இறந்தவர்களை ஆற்றின் அக்கரைக்குக் கொண்டுபோகும் படகோட்டியின் பெயர் அது. பிராசஸர் ஒரு பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, சேரன் இன்னொரு பக்கம் மெமரிக்கும் சாதனத்துக்கும் நடுவே சரக்கை ஏற்றி இறக்கும்.

இப்ப நல்லா கவனிங்க. ஒரே மெமரியை இரண்டு பேர் தொடறாங்க. பிராசஸர் பஃபரில் எழுதி முடிக்கும் முன்பே படகோட்டி எடுத்துட்டுப் போனா பாதிச் சரக்குதான் போகும். படகோட்டி இறக்கி முடிக்கும் முன்பே பிராசஸர் படிச்சா பழைய குப்பைதான் கிடைக்கும். யார் முந்துவாங்கன்னு வேகத்தை வச்சுக் கணக்குப் போடக் கூடாது. எந்த வேகத்தில் ஓடினாலும் சரியா இருக்கணும்.

இதற்கு அவர் கொடுத்த விடைதான் செமாஃபோர். ரயில் பாதை ஓரத்தில் நிற்கும் கைகாட்டி மரத்தின் பெயர். ஒரு எண், அதைத் தொட இரண்டே செயல்கள். ஒன்று கூட்டும், அது வி. டச்சு மொழியில் உயர்த்துவதற்கான சொல்லின் முதலெழுத்து. இன்னொன்று குறைக்கப் பார்க்கும், முடியாவிட்டால் காத்திருக்கும், அது பி. அதற்காக அவர் ஒரு டச்சுச் சொல்லைப் புதிதாகவே உருவாக்கிக்கொண்டார். இரண்டு செயல்களையும் நடுவில் யாரும் குறுக்கிட முடியாது. காலி இடம் எத்தனை, நிரம்பிய இடம் எத்தனை என்று இரண்டு செமாஃபோர் வைத்துவிட்டால், நிரப்புகிறவரும் எடுக்கிறவரும் எந்த வேகத்தில் வந்தாலும் மோதிக்கொள்ள மாட்டார்கள். நீங்க லேபில் எழுதிய புரொட்யூசர் கன்ஸ்யூமர் புரோகிராம் இங்கிருந்து வந்ததுதான். எக்ஸ்8-ல் புரோகிராம்களுக்கு இடையே மட்டுமல்ல, பிராசஸருக்கும் சேரனுக்கும் இடையேயும் செமாஃபோர்தான் கைகாட்டியாக நின்றது.

இதன் மேல் டைக்ஸ்ட்ராவும் ஒரு சின்னக் குழுவும் கட்டிய ஆபரேட்டிங் சிஸ்டம் தி என்று அறியப்படுகிறது. கல்லூரியின் டச்சுப் பெயரின் முதலெழுத்துகள் அவை. அடுக்கடுக்காகக் கட்டினார்கள். அடியில் பிராசஸரைப் பங்கிடும் அடுக்கு. அதன் மேல் மெமரியையும் டிரம்மையும் பார்த்துக்கொள்ளும் அடுக்கு. அதற்கு மேல் இயக்குபவரோடு பேசும் அடுக்கு. அதற்கும் மேல் இன்புட் அவுட்புட்டுக்கான பஃபர்கள். பிறகுதான் நம்மைப் போன்றவர்களின் புரோகிராம்கள். ஒரு தகவல் மெமரியில் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது இரண்டாவது அடுக்கோடு நின்றுவிடும். மேலே இருப்பவர்களுக்கு அது தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஒவ்வொரு அடுக்கையும் தனியாகச் சோதித்து முடித்துவிட்டே அடுத்ததைப் போட்டார்கள். 1968-ல் வெளியான கட்டுரையில் அவர் தந்த கணக்கின்படி, சோதனையில் கிடைத்தவை அற்பமான எழுத்துப் பிழைகள் மட்டுமே. சுமார் 500 கட்டளைக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் பத்து நிமிடத்துக்குள் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் அதே கட்டுரையில் தன் குழுவின் பெரிய தவறையும் அவர் மறைக்கவில்லை. சாதனங்கள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டே வடிவமைத்துவிட்டார்கள். ஒரு சாதனம் பழுதானபோதுதான் அதன் வலி தெரிந்தது. எதிர்பார்த்ததைவிட அதிக உழைப்பை அது தின்றது. தர்க்கத்தில் இவ்வளவு கறாரான மனிதரைக்கூட வன்பொருள் ஒரு இடத்தில் ஏமாற்றிவிட்டது. டிரைவர் எழுதுபவர்கள் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது.

இன்றைய டிரைவருக்கு வருவோம்

ஒரு பஃபரை டி.எம்.ஏ.வுக்குக் கொடுக்கும் முன் லினக்ஸில் என்னென்ன பார்க்கணும்? முதலில், அட்ரஸ் எந்த வகை. கே-மல்லாக்கில் வாங்கிய இடம் மெமரியில் தொடர்ச்சியாக இருக்கும். வி-மல்லாக்கில் வாங்கியது நமக்குத் தொடர்ச்சியாகத் தெரியும், உண்மையில் பக்கங்கள் அங்கங்கே சிதறிக் கிடக்கும். நம் அட்ரஸை வைத்துக்கொண்டு சாதனம் நேராக நடந்தால் இரண்டாவது பக்கத்திலேயே வழி தவறும். தி-யின் இரண்டாவது அடுக்கு மறைத்து வைத்த விஷயம் இதுதான். மறைத்ததை டிரைவர் மறந்துவிடக் கூடாது.

அடுத்து, அந்த அட்ரஸ் சாதனத்துக்கு எட்டுமா? 32 பிட் அட்ரஸ் மட்டுமே தெரிந்த சாதனத்துக்கு 4 ஜி.பி.க்கு மேல் உள்ள மெமரி கண்ணுக்கே தெரியாது. தன் எல்லை எது என்று டிரைவர் முன்கூட்டியே கர்னலிடம் சொல்ல வேண்டும். சொன்னால் தேவைப்படும்போது கர்னல் எட்டும் இடத்தில் ஒரு நகல் பஃபர் வைத்து உதவும். மேப் செய்யும் அழைப்பு தோல்வியடையலாம். திரும்பி வந்ததைப் பார்க்காமலே சாதனத்திடம் கொடுப்பது டிரைவர்களில் அடிக்கடி கிடைக்கும் தவறு.

பிறகு கேஷ். பல ஏ.ஆர்.எம். போர்டுகளில் சாதனம் மெமரியில் எழுதியது பிராசஸரின் கேஷுக்குத் தானாகத் தெரியாது. பஃபரும் வேறொரு மாறியும் ஒரே கேஷ் வரிசையில் இருந்தால், பஃபருக்காகக் கேஷைத் துடைக்கும்போது பக்கத்து மாறியின் புது மதிப்பும் சேர்ந்தே போய்விடும்.

இவை எல்லாமே எங்கே, எவ்வளவு என்ற கேள்விகள். இதோடு சரிபார்ப்பு முடிந்தது என்று நினைத்தால் அங்கேதான் விழுவோம். ஒரு உதாரணம் பாருங்க.

டிரைவர் எழுதும் ஒருவர் ஒரு ஃபங்ஷனுக்குள் 64 பைட் அரேயை அறிவிக்கிறார். ஸ்டாக்கில் இருக்கும் அந்த இடத்தை யு.எஸ்.பி. சாதனத்திடம் கொடுத்துவிட்டு ஒரு வினாடி காத்திருக்கிறார். பதில் வரவில்லை. டைம் அவுட் என்று ஃபங்ஷன் திரும்பிவிடுகிறது. அனுப்பிய கோரிக்கையை ரத்து செய்யவில்லை. சாதனம் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். அடுத்த நொடியில் அது பதிலை எழுதுகிறது. அந்த இடத்தில் இப்போது வேறொரு ஃபங்ஷனின் ரிட்டர்ன் அட்ரஸ் இருக்கிறது. அட்ரஸ் கொடுத்தபோது சரி. நீளமும் சரி. எல்லா சோதனையும் பாஸ். தப்பு, அந்த இடம் எதுவரை யாருடையது என்பதில்.

2016 கடைசியில் வந்த லினக்ஸ் 4.9-ல், 64 பிட் எக்ஸ்86 கணினிகளில் கர்னல் ஸ்டாக்கையே வி-மல்லாக் பகுதியில் வைக்கும் வசதி வந்தது. ஸ்டாக் பஃபரை டி.எம்.ஏ.வுக்குக் கொடுத்து அதுவரை அதிர்ஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்த பல டிரைவர்கள் அப்போது வெளிச்சத்துக்கு வந்தன. இப்போது கர்னலின் யு.எஸ்.பி. பகுதி, வந்த பஃபர் ஸ்டாக்கிலா வி-மல்லாக் பகுதியிலா என்று பார்த்து, ஆமென்றால் எச்சரித்து மறுத்துவிடும்.

ஆனால் எந்தச் சோதனையும் அது நடக்கும் அந்த நொடிக்குத்தான் சாட்சி. அடுத்த நொடிக்கு உத்தரவாதம் வேண்டுமானால் உரிமை பற்றிய ஒப்பந்தம் வேண்டும். லினக்ஸின் டி.எம்.ஏ. விதிகள் இதைத்தான் கேட்கின்றன. மேப் செய்துவிட்டால் பஃபர் சாதனத்துடையது, நீ தொடாதே. அன்மேப் செய்த பின்போ, முறைப்படி சிங்க் செய்த பின்போதான் உன்னுடையது. பல நெட்வொர்க் கார்டுகளின் டிஸ்கிரிப்டர் வளையத்தில் ஒவ்வொரு பஃபருக்கும் இது யாருடையது என்று சொல்ல ஒரு பிட்டே உண்டு. சேரனுக்கும் பிராசஸருக்கும் நடுவே நின்ற கைகாட்டியின் பேரப்பிள்ளை அது. டி.எம்.ஏ. டீபக் வசதியை முடுக்கி கர்னலைக் கம்பைல் செய்தால், யார் எதை மேப் செய்து விடாமல் வைத்திருக்கிறார்கள், யார் தப்பான நீளத்தில் அன்மேப் செய்கிறார்கள் என்று அது கணக்கு வைத்துச் சொல்லும். உங்க புராஜெக்டில் டிரைவர் எழுதினா முதல் நாளே அதை ஆன் பண்ணிடுங்க.

பேங்கர்ஸ் அல்காரிதமும் இப்போ வேற மாதிரி தெரியும் பாருங்க. கொடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பதில்லை. கொடுத்தால் பத்திரமாக முடியும் ஒரு வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகே கொடுப்பது. தத்துவவாதிகள் கதைகூட 1965-ல் அவர் மாணவர்களுக்குத் தேர்வில் கேட்ட கேள்வியிலிருந்து வந்ததுதான். அதில் முதலில் இருந்தவை டேப் கருவிகளுக்குப் போட்டி போடும் கணினிகள். அவருடைய புகழ்பெற்ற கணக்குகளில் பாதி, சாதனங்களோடு பட்ட பாட்டில் பிறந்தவை.

பிறகு நடந்தவை

தி முடிந்தபின் அவர் கடுமையான மனச்சோர்வில் விழுந்தார். அவ்வளவு பெரிய வேலை முடிந்தது, அடுத்து என்ன என்று தெரியவில்லை, சுற்றி இருந்த கணிதத் துறைக்கு அதன் அருமையும் தெரியவில்லை. எழுதி எழுதித்தான் வெளியே வந்தார். ஸ்ட்ரக்சர்டு புரோகிராமிங் பற்றிய 1969-ம் ஆண்டுக் குறிப்புகள் அந்தக் காலத்தில் எழுதியவை. 1972-ல் டூரிங் விருது வந்தது. 1973-ல் பரோஸ் நிறுவனத்தின் ஆய்வாளரானார். ந்யூனன் என்ற சிற்றூரில், தன் வீட்டு மாடியறையே அலுவலகம். அங்கிருந்து பேனாவால் எழுதி எண் போட்டு, நகலெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார். அப்படி வாழ்நாளில் 1300-க்கும் மேற்பட்ட குறிப்புகள். 1984-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகருக்குப் போய் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 1999 வரை கற்பித்தார்.

அவர் பழகுவதற்கு எளிதானவர் இல்லை. பிடிக்காத மொழிகளையும் முறைகளையும் பற்றிக் கடுமையாக எழுதினார். தொழில்துறை அவர் கேட்டபடி மாறவும் இல்லை. லட்சக்கணக்கான வரிகள் கொண்ட ஒரு கர்னலைக் காகிதத்தில் நிரூபித்துவிட்டு வெளியிடுவது நடக்கிற காரியமா என்று நீங்க கேட்டா, அது நியாயமான கேள்விதான். இன்றைய டிரைவர்கள் பெரும்பாலும் சோதித்து, உடைத்து, திருத்தி வளர்ந்தவை.

ஆனா டி.எம்.ஏ. விஷயத்துல மட்டும் அவர் பக்கம் நிற்காம வேற வழி இல்லைன்னு எனக்குத் தோணுது. நூறு தடவை ஓட்டிப் பார்த்து நூறு தடவையும் சரியா வந்த டிரைவர், நூற்றியோராவது தடவை சாதனம் ஒரு மைக்ரோசெகண்ட் தாமதிச்சா யாரோ ஒருத்தரோட ஃபைலை அழிக்கலாம். ஆஸ்பத்திரி மானிட்டர்ல இருக்கிற டிரைவரா இருந்தா அழியறது ஃபைல் மட்டும் இல்லை. அந்த இடத்துல, எந்த நேரத்தில் குறுக்கே வந்தாலும் சரியா இருக்குமா என்று உட்கார்ந்து யோசிக்கிற அரை மணி நேரத்துக்கு மாற்று கிடையாது.

புற்றுநோய் வந்தபின் டைக்ஸ்ட்ரா ந்யூனன் வீட்டுக்கே திரும்பினார். 2002 ஆகஸ்ட் 6 அன்று காலமானார். வயது 72. தானே சரிப்படுத்திக்கொள்ளும் கணினி வலைகள் பற்றி 1974-ல் அவர் எழுதி, பல ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளாத கட்டுரைக்கு அதே 2002-ல் விருது கிடைத்தது. அடுத்த ஆண்டிலிருந்து அந்த விருதின் பெயரே டைக்ஸ்ட்ரா பரிசு.

அடுத்த தடவை லேபில் ஒரு பாயின்டரைச் சாதனத்துக்கிட்ட நீட்டும் முன்னாடி நாலு கேள்வி கேட்டுக்கோங்க. இது எங்கே இருக்கு, எவ்வளவு நீளம், இப்போ யாருடையது, எப்போ திரும்பக் கிடைக்கும். நாலாவதுக்கு உங்ககிட்ட பதில் இல்லைன்னா, இன்னும் கொடுக்காதீங்க.